பான்ட்டகெலின் வில்லியம்ஸ்: குருப்பட்டம் கிடைக்காத மதத் தலைவர்

கேள்வி இதுதான்: வேல்ஸ் அணி ரக்பி ஆடும்போது மைதானமே எழுந்து நின்று பாடுகிற 'ப்ரெட் ஆஃப் ஹெவன்' பாட்டை எழுதியவர் ஒரு பெரிய மதத் தலைவர் என்கிறார்கள். ஆனால் அவர் பேராயர் இல்லை, தன் பெயரில் சபை எதையும் தொடங்கவும் இல்லை. அப்புறம் எப்படித் தலைவர்? கவிதை அவருக்குப் பொழுதுபோக்கா, ஊழியத்தின் ஒரு பகுதியா?

கவிதைதான் ஊழியம். அவர் தலைவரானதே அதனால்தான். இதைப் புரிந்துகொள்ளாமல் அவரைப் பற்றி எழுதுகிறவர்கள், பாட்டுகளை ஒரு பக்கமும் மதப்பணியை இன்னொரு பக்கமும் பிரித்து வைத்து, கடைசியில் இரண்டையும் வறட்டுத் தகவல்களாக்கி விடுகிறார்கள். கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

பெயர் வில்லியம் வில்லியம்ஸ், காலம் 1717 முதல் 1791 வரை. வேல்ஸில் வில்லியம்ஸ்களுக்குப் பஞ்சமே இல்லை என்பதால் ஆளை அடையாளம் காட்டப் பண்ணையின் பெயரைச் சேர்த்துச் சொல்வது அங்கே வழக்கம். இவருடைய பண்ணை பான்ட்டகெலின். இன்றைக்கும் வேல்ஸ்காரர்கள் சும்மா 'பான்ட்டகெலின்' என்று சொன்னாலே இவர்தான். 'இனிய பாடகர்' என்ற பொருளில் இன்னொரு பட்டப்பெயரும் உண்டு.

பிறந்தது கார்மார்தன்ஷயரில், லாண்டவரி என்ற சந்தை ஊருக்குப் பக்கத்து மலைப்பகுதியில், லான்வைர்-ஆர்-அ-பிரின் பங்கில், அதாவது ஒரு கோயிலுக்கு உட்பட்ட ஊர்ப்பகுதியில். அப்பா ஜான் விவசாயி. இங்கிலாந்துத் திருச்சபையில் சேராமல் தனித்து நின்ற ஒரு சுயாதீனச் சபையில் மூப்பர். அம்மா டாரதி வழியில் வந்ததுதான் பான்ட்டகெலின் பண்ணை. 1742இல் அப்பா இறந்த பிறகு அம்மா அங்கே குடிபெயர்ந்தார். வில்லியம்ஸின் மிச்ச வாழ்க்கை முழுவதும் அந்த வீட்டில்தான்.

அப்பா மூப்பராக இருந்த சபையில் அந்த நாட்களில் சண்டை ஓயவில்லை. இரட்சிக்கப்படுகிறவர் யார் என்பதைக் கடவுளே முன்கூட்டித் தீர்மானித்துவிட்டாரா, இல்லை மனிதன் தன் விருப்பத்தால் ஏற்கவோ மறுக்கவோ முடியுமா என்பதுதான் விவகாரம். முதலாவதைச் சொல்வது கால்வின் கட்சி, இரண்டாவதைச் சொல்வது அர்மீனியஸ் கட்சி என்று சபையே இரண்டாக நின்றது. ஜான் கால்வின் பக்கம். சாப்பாட்டு மேசையிலேயே இறையியல் கேட்டு வளர்ந்த பிள்ளை வில்லியம். பிற்காலத்தில் கொள்கைச் சண்டைகளைக் கவிதையில் கொண்டுவந்தபோது அதில் புத்தக வாசனை இல்லாததற்கு இதுவும் காரணம் என்று நினைக்கிறேன்.

பையனை டாக்டராக்க வேண்டும் என்பது திட்டம். ஹே ஊருக்கு அருகில் லுயின்லுயிட் என்ற இடத்தில் சுயாதீனச் சபையார் நடத்திய கல்விக்கூடத்தில் படிக்கப் போனார். அங்கே இருக்கும்போதுதான், 1737 அல்லது 1738இல், டால்கார்த் ஊர்க் கோயிலின் கல்லறைத் தோட்டத்தில் ஹவல் ஹாரிஸ் பிரசங்கம் பண்ணுவதைக் கேட்டார். ஹாரிஸ் குருப்பட்டம் பெறாதவர், பக்கத்து ட்ரெவெக்காக்காரர், இவரைவிடச் சில வயதே மூத்தவர். கோயிலின் பிரசங்கபீடம் அவருக்குக் கிடைக்காது. ஆகவே வழிபாடு முடிந்து வெளியே வருகிறவர்களைக் கல்லறைகளுக்கு நடுவே நின்று பிடித்துக்கொள்வார். மரணம், நியாயத்தீர்ப்பு, நரகம் என்று அவர் இடிமுழக்கம் போலப் பேசுவதற்கு அதைவிடப் பொருத்தமான மேடையும் கிடையாது.

வில்லியம்ஸ் அன்று மாறினார். ஏறத்தாழ முப்பத்தைந்து வருடம் கழித்து, 1773இல் ஹாரிஸ் இறந்தபோது எழுதிய இரங்கற்பாவில் அதைச் சொல்கிறார்: இதுதான் அந்தக் காலை, என்றும் மறக்கமாட்டேன், வானத்தின் குரலை நானும் கேட்டேன். மருத்துவப் படிப்பு அத்தோடு போயிற்று. ஆனால் மருத்துவனின் பார்வை போகவில்லை. மனுஷனின் உள்ளே என்ன நோய், எப்போது ஆரம்பித்தது, எது பொய்க் காய்ச்சல், எது நிஜம் என்று நாடி பார்க்கிற குணம் அவர் எழுதிய எல்லாவற்றிலும் இருக்கிறது.

அடுத்து அவர் செய்தது கொஞ்சம் விசித்திரம். சுயாதீனச் சபையில் பிறந்தவர், இங்கிலாந்துத் திருச்சபையில் போய்ச் சேர்ந்து 1740இல் உதவிக்குருவாக, அதாவது டீக்கனாக, அபிஷேகம் பெற்றார். ஹாரிஸும் அவர் கூட்டாளிகளும் திருச்சபையை உள்ளிருந்தே எழுப்ப வேண்டும் என்று நம்பியவர்கள். அதனால் இவரும் உள்ளே போனார். லான்வுர்டிட், ஆபர்க்வெசின் பகுதியில், மலைகளுக்கு நடுவே சிதறிக் கிடந்த பங்குகளில் வேலை. மேலதிகாரியாக வாய்த்தவர் தியோஃபிலஸ் எவன்ஸ். வேல்ஸ் மக்களின் பழங்கால வரலாற்றை அருமையான உரைநடையில் எழுதியவர், இன்றும் படிக்கப்படுகிறவர். மெதடிஸ்டுகளை, அதாவது ஹாரிஸின் கூட்டத்தாரை, அவருக்குக் கண்டாலே ஆகாது. வேல்ஷ் இலக்கியத்தின் இரண்டு பெரிய பெயர்கள் ஒரே பங்கில் குருவும் உதவியாளருமாக இருந்து ஒருவரையொருவர் சகிக்க முடியாமல் காலம் தள்ளினார்கள் என்பது வேடிக்கைதான்.

வேடிக்கை நீடிக்கவில்லை. வழிபாட்டு ஒழுங்கை மீறுகிறார், பங்கை விட்டு வெளியூர்களில் சுற்றுகிறார் என்று புகார்கள் போயின. 1743இல் முழுக் குருப்பட்டத்துக்கு விண்ணப்பித்தபோது பேராயர் மறுத்துவிட்டார். அதோடு பங்கு வேலையையும் விட்டார். சாகும்வரை அவர் டீக்கன்தான். திருவிருந்து நடத்தும் முழு அதிகாரம் இல்லாத, சொந்தப் பங்கு இல்லாத, சம்பளமும் இல்லாத டீக்கன். 'எந்த அர்த்தத்தில் தலைவர்' என்ற கேள்வி நியாயமானது என்று நான் சொல்வது இதனால்தான்.

மெதடிஸ்டு என்றதும் நமக்கு இங்கிலாந்தின் ஜான் வெஸ்லி நினைவுக்கு வருவார். வேல்ஸ் மெதடிஸ்டுகள் அந்தக் கிளை அல்ல. அவர்கள் கால்வின் வழி, நெருக்கம் ஜார்ஜ் விட்ஃபீல்ட் என்ற ஆங்கிலப் பிரசங்கியோடு. தனிச் சபையாகவும் அப்போது இல்லை. ஞாயிறு பங்குக் கோயிலுக்குப் போவார்கள், மற்ற நாட்களில் தங்கள் சிறு கூட்டங்களில் சந்திப்பார்கள். இந்த இயக்கத்துக்கு மூன்று தூண்கள். ஹாரிஸ் ஊர் ஊராகப் போய்க் கூட்டங்களைக் கட்டியவர். டேனியல் ரோலண்ட் பிரசங்கி. கார்டிகன்ஷயரின் லாங்கெய்தோ என்ற சின்ன ஊரில் அவர் பேசுவதைக் கேட்கவும் திருவிருந்து எடுக்கவும் பல மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் நடந்தே வருவார்கள். மூன்றாமவர் வில்லியம்ஸ். 1743இல் கூடிய இயக்கத்தின் சங்கம் அவரை ரோலண்டுக்கு உதவியாளராக நியமித்தது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். அந்தச் சிறு கூட்டத்துக்கு வேல்ஷில் 'செயாட்' என்று பெயர். சொஸைட்டி என்ற ஆங்கிலச் சொல் வேல்ஷ் நாக்கில் தேய்ந்து வந்தது. பண்ணை வீட்டு அடுப்படியிலோ களஞ்சியத்திலோ, வாரத்தில் ஒரு மாலை, கதவைச் சாத்திக்கொண்டு சிலர் உட்காருவார்கள். வேலைக்காரப் பெண், கொல்லன், விதவை, பண்ணைக்காரர் என்று கலந்த கூட்டம். பாட்டு, ஜெபம், அப்புறம் ஒவ்வொருவராகத் தங்கள் உள்ளத்தின் நிலையைச் சொல்ல வேண்டும். இந்த வாரம் ஜெபிக்க முடிகிறதா? பழைய ஆசை திரும்பத் தலைதூக்குகிறதா? போன மாதம் இருந்த சந்தோஷம் எங்கே போயிற்று? பக்தி என்று நினைத்தது வெறும் கர்வமாக இருக்குமோ? அங்கே பேசியது வெளியே போகக் கூடாது.

கேட்பதற்குச் சுலபம். நடத்துவது ரொம்பக் கஷ்டம். அதிகம் கண்டித்தால் புதிதாக வந்தவர் ஓடிவிடுவார். தட்டிக்கொடுத்தே போனால் வேஷக்காரர்கள் பெருகுவார்கள். வருகிற எல்லாரும் ஒரே மாதிரிக் கதை சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள் என்பது இன்னொரு தொல்லை. இந்த வேலையில் வில்லியம்ஸ் கைதேர்ந்தவர். கார்மார்தன், பிரெக்கன், கார்டிகன் வட்டாரமெல்லாம் குதிரையில் சுற்றி இந்தக் கூட்டங்களை நடத்தினார், புதியவை தொடங்கினார், சண்டை போட்டுப் பிரிந்தவர்களைச் சேர்த்து வைத்தார். 1777இல், அறுபது வயதில், அனுபவத்தையெல்லாம் திரட்டி ஒரு கைநூலாகவே போட்டார். இரண்டு பேர் பேசிக்கொள்வது போன்ற அமைப்பு. கூட்டம் எதற்கு, யாரைச் சேர்க்கலாம், நடத்துகிறவர் எப்படிக் கேள்வி கேட்க வேண்டும் என்பதெல்லாம் அதில் உண்டு. புதிதாக வருகிறவரிடம் பெரிய அனுபவங்களை எதிர்பார்க்காதே, தன் நிலை தெரிந்து தேடி வந்திருக்கிறாரா என்று பார்த்தால் போதும் என்கிற தொனி. இன்றைய மனநல ஆலோசகர்கள் படித்தாலும் இந்த ஆள் மனிதர்களோடு நிறைய உட்கார்ந்திருக்கிறார் என்று ஒத்துக்கொள்வார்கள்.

அவருடைய பாட்டுகள் வந்தது இங்கிருந்துதான். செயாட்டில் உட்காருகிற ஒரு பண்ணைப் பெண்ணுக்கு உள்ளே என்னவோ நடக்கிறது, அதைச் சொல்ல அவளிடம் வார்த்தை இல்லை. பான்ட்டகெலின் அந்த வார்த்தைகளை எழுதிக் கொடுத்தார். அவருடைய பாட்டுகளில் 'நான்' ஓயாமல் வருவதும், அந்த நான் ஒரு வரியில் பரவசத்திலும் அடுத்த வரியில் பள்ளத்திலும் இருப்பதும் கவிஞரின் சுயபுராணம் அல்ல. கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்து உடுத்திக்கொள்ளக்கூடிய நான் அது.

அவருக்கு முன் வேல்ஷ் மக்கள் கோயிலில் பாடியது பெரும்பாலும் எட்மண்ட் பிரிஸ் 1621இல் செய்யுளாக்கிய சங்கீதங்களை. அருமையான வேலை, ஆனால் ஏறக்குறைய எல்லாமே ஒரே யாப்பு. வில்லியம்ஸ் ஆங்கிலப் பாமாலைகளிலிருந்தும் தெருப் பாட்டு மெட்டுகளிலிருந்தும் புதுப்புது யாப்புகளைக் கொண்டுவந்தார். இயக்கத்தின் தலைவர்கள் ஒருமுறை எல்லாரையும் பாட்டு எழுதிவரச் சொன்னார்கள், இவர் கொண்டுவந்ததைப் பார்த்ததும் இனி மற்றவர்கள் எழுத வேண்டாம் என்று முடிவாயிற்று என ஒரு கதை வழங்குகிறது. உண்மையோ இல்லையோ, 1744இல் முதல் தொகுப்பு 'அல்லேலூயா' சிறு சிறு பாகங்களாக வர ஆரம்பித்தது. மொத்தம் வேல்ஷில் சுமார் 900 பாடல்கள், ஆங்கிலத்தில் நூற்றுக்கும் மேல்.

படிக்கத் தெரிந்தவர்கள் இருந்தார்களா என்று கேட்கலாம். இருந்தார்கள். அதற்குக் காரணம் இன்னொரு குரு, லான்டௌரோரின் கிரிஃபித் ஜோன்ஸ். 1730கள் தொடங்கி அவர் நடத்திய சுற்றுப் பள்ளிகள், குளிர்காலத்தில் விவசாய வேலை குறைகிற சில மாதங்கள் ஒரு ஊரில் தங்கி, பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வேல்ஷ் வேதாகமத்தை வாசிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போகும். 1761இல் அவர் இறக்கும்போது மூவாயிரத்துக்கும் அதிகமான பள்ளிகள் நடந்து முடிந்திருந்தன. வேதாகமம் தவிர வேறு எதுவும் அதிகம் படித்திராத, ஆனால் அதை வரிவரியாக அறிந்த வாசகர் கூட்டம் ஒன்று வில்லியம்ஸுக்காகத் தயாராகக் காத்திருந்தது என்றே சொல்லலாம். யோர்தான், மன்னா, மேகஸ்தம்பம் என்று அவர் போகிற போக்கில் தொட்டாலே போதும், விளக்க வேண்டியதில்லை.

1750இல் இயக்கம் உடைந்தது. ஹாரிஸின் இறையியல் ஒருபக்கம் கோணிக்கொண்டு போயிற்று. தீர்க்கதரிசினி என்று அவர் நம்பிய மணமான ஒரு பெண்மணியைத் தன்னுடன் பயணங்களுக்குக் கூட்டிச் சென்றதும் வாய்க்கு அவலாயிற்று. ரோலண்ட் ஒருபுறம், ஹாரிஸ் ஒருபுறம். வில்லியம்ஸ் ரோலண்டோடு நின்றார். ஹாரிஸ் ட்ரெவெக்காவுக்கே திரும்பி, அங்கே ஒரு பெரிய கட்டடம் எழுப்பி, ஆதரவாளர்களை ஒரே குடும்பமாகக் குடியமர்த்தினார். வில்லியம்ஸுக்கு இது பிடிக்கவே இல்லை. முன்பு சொன்ன அதே இரங்கற்பாவில், தன்னை மனந்திருப்பிய ஆசானைப் பார்த்தே கேட்கிறார்: ஹென்றி ராஜா ஆயிரத்துக்கு மேல் மடங்களை இடித்துத் தள்ளினாரே, நீ ஏன் உன் நாளெல்லாம் செலவழித்து ஒரு பெரிய மடத்தைக் கட்டினாய்? செத்தவரைப் பற்றிப் பாடும்போது இந்த உரிமையோடு திட்டுகிற கவிஞரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

பிளவுக்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு வருடம் இயக்கம் சோர்ந்து கிடந்தது. 1762இல் வில்லியம்ஸின் புதிய தொகுப்பு வந்தது. 'கண்ணாடிக் கடலின் மேல் நிற்பவர்களின் பாடல்கள்' என்று தலைப்பு, வேதாகமத்தின் கடைசி நூலான வெளிப்படுத்தின விசேஷத்திலிருந்து எடுத்தது. லாங்கெய்தோவில் அந்தப் பாட்டுகளைப் பாட ஆரம்பித்தபோது பெரிய எழுப்புதல், அதாவது திடீரென்று பரவும் பக்தி அலை, வெடித்தது. அழுதார்கள், சிரித்தார்கள், மணிக்கணக்கில் ஒரே சரணத்தைத் திரும்பத் திரும்பப் பாடினார்கள், குதித்தார்கள். 'குதிப்பவர்கள்' என்று வெளியார் கிண்டல் செய்தார்கள். ஒரு புத்தகம் வந்து ஒரு நாட்டின் எழுப்புதலைத் தொடங்கி வைத்தது என்று சொல்வது கொஞ்சம் மிகைதான், ரோலண்டின் பிரசங்கமும் உண்டு. ஆனால் அன்றைய மெதடிஸ்டுகளே அப்படித்தான் நினைவு வைத்திருந்தார்கள். ஹாரிஸும் அந்தக் காலகட்டத்தில் திரும்பி வந்து சேர்ந்துகொண்டார்.

குதிப்பது சரியா என்ற சர்ச்சைக்கு வில்லியம்ஸ் கடித வடிவில் இரண்டு சிறு நூல்கள் எழுதினார். 1762இல் வந்தது மார்த்தா என்ற கற்பனைப் பெண் தன் போதகருக்கு எழுதும் கடிதம், எனக்குள் இப்படியெல்லாம் நடக்கிறது, இது தகுமா என்று. அடுத்த வருடம் வந்தது போதகரின் பதில். வேதாகமத்தில் தாவீது ராஜா உடன்படிக்கைப் பெட்டிக்கு முன்னால் ஆடவில்லையா என்று மார்த்தாவின் தரப்பு கேட்கிறது. பதில் கடிதம் எழுப்புதலை ஆதரிக்கிறது, அதேநேரம் கொதிப்பு அடங்கியபின் எது மிஞ்சும், எது போலி என்று பிரித்துப் பார்க்கவும் சொல்கிறது. செயாட் நடத்துகிறவரின் மூளை இது.

சரி, அந்த 'ப்ரெட் ஆஃப் ஹெவன்' பாட்டு. அதுவும் இந்த எழுப்புதல் தொகுப்பில்தான் முதலில் வந்தது. வனாந்தரத்தைக் கடக்கப் பலம் வேண்டும் என்ற பொருளில் தலைப்பு. எகிப்திலிருந்து புறப்பட்ட இஸ்ரவேலரின் நாற்பது வருடப் பயணம்தான் கரு. ஆனால் யாத்திராகமத்தில் நடப்பது ஒரு ஜனம், இங்கே நடப்பது ஒற்றை ஆள். ஆண்டவரே, வனாந்தரத்தின் வழியே என்னை நடத்தும், பார்க்கவே பரிதாபமான யாத்திரிகன் நான், என்னுள்ளே பலமும் இல்லை உயிரும் இல்லை, கல்லறையில் கிடப்பவன் மாதிரி இருக்கிறேன் என்று ஆரம்பிக்கிறது. அடுத்து இரவுக்கு அக்கினிஸ்தம்பம் கேட்கிறான், பகலுக்கு மேகஸ்தம்பம் கேட்கிறான், சோர்ந்துபோகாதிருக்க மன்னா என்ற வானத்து அப்பம் கேட்கிறான். நிலமும் பொருந்துகிறது. ஆபர்க்வெசின் பக்கத்து மேட்டுநிலம் மூடுபனியும் சதுப்பும் காற்றும் நிறைந்தது, வழி தவறினால் வீடு கண்ணில் படாது. அந்தப் பாதைகளில் ஐம்பது வருடம் குதிரை ஓட்டியவர் மலை, மூடுபனி, ஆறு, அந்நிய தேசம், யாத்திரிகன் என்று விடாமல் எழுதியதில் ஆச்சரியம் இல்லை.

1771இல் பீட்டர் வில்லியம்ஸ் என்ற இன்னொரு மெதடிஸ்டு இதன் சில சரணங்களை ஆங்கிலமாக்கினார். அடுத்த வருடம் பான்ட்டகெலினே அதில் கைவைத்துச் சரிசெய்த வடிவம் வந்தது. உலகம் பாடுவது இதைத்தான். இன்று மைதானத்தில் கேட்கும் மெட்டு 1907இல், அவர் இறந்து நூறு வருடத்துக்கு மேல் கழித்து, பான்ட்டிப்ரீத் பக்கத்துச் சிற்றாலயம் ஒன்றுக்காக ஜான் ஹியூஸ் போட்டது. 'கும் ரோந்தா' என்று பெயர், நிலக்கரிச் சுரங்கங்களின் பள்ளத்தாக்கு அது. இதில் ஒரு தமாஷ் என்னவென்றால், வேல்ஷில் பாடும்போது இந்த வரிகளுக்குப் பெரும்பாலும் வேறு மெட்டு. கும் ரோந்தா மெட்டில் வேல்ஷ்காரர்கள் பாடுவது ஆன் கிரிஃபித்ஸ் என்ற இன்னொரு மெதடிஸ்டுக் கவிஞரின் பாடலை. டயானாவின் இறுதிச் சடங்கிலும், 2011இலும் 2018இலும் நடந்த அரச குடும்பத் திருமணங்களிலும் பாடப்பட்டது ஆங்கில வடிவம்தான்.

அவரைப் பாமாலை ஆசிரியர் என்று மட்டும் அறிந்தவர்கள் தவறவிடுவது நீண்ட கவிதைகளை. 1756இல் ஒரு காவியம் போட்டார். சிருஷ்டி முதல் முடிவுவரை எல்லாவற்றையும் கிறிஸ்துவின் ராஜ்யமாகக் காண்பது அதன் நோக்கம். பக்கத்தின் அடியில் பார்த்தால் கிரகங்கள், மனித உடலின் அமைப்பு என்று அறிவியல் குறிப்புகள். டாக்டருக்குப் படிக்கப் போன பையன் அங்கே எட்டிப் பார்க்கிறான். படிக்கக் கொஞ்சம் அலுப்பூட்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1764இல் வந்த 'தியோமெம்ஃபஸ்' அப்படி அல்ல. ஒரு பாவி மனந்திரும்பி, தவறி, எழுந்து, மரிக்கும்வரை அவன் உள்ளத்தில் நடப்பதை ஆயிரக்கணக்கான வரிகளில் பின்தொடரும் கவிதை. கொதிக்கிற பிரசங்கிகள், வறட்டுக் கொள்கைவாதிகள் என்று பல பாத்திரங்கள் அதில் வந்து தங்கள் சரக்கை விற்கிறார்கள். மனந்திரும்பிய பிறகு நாயகன் ஃபிலோமெலா என்ற பெண்மேல் காதல்கொண்டு தடுமாறும் பகுதிதான் எனக்கு உச்சம். பக்தியும் காமமும் ஒரே ஊற்றிலிருந்து பெருகுவது போல எழுதுகிறார், அதைக் கண்டு முகம் சுளிப்பதும் இல்லை.

அந்தத் துணிச்சல் 1777இல் போட்ட திருமண நூலிலும் உண்டு. இரண்டு தோழிகள் பேசிக்கொள்கிறார்கள். ஒருத்தி உணர்ச்சிவசப்பட்டு அவசரமாகக் கட்டிக்கொண்டு அவதிப்படுகிறவள், மற்றவள் யோசித்துக் கட்டிக்கொண்டு நன்றாக வாழ்கிறவள். பணம், கோபம், கணவன் மனைவி மரியாதை, படுக்கையறை என்று எல்லாமே பேச்சில் வருகிறது. பதினெட்டாம் நூற்றாண்டில், சொந்தத் தாய்மொழியில், ஒரு மதப் போதகர் இதை அச்சில் போட்டார் என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். இளம் மெதடிஸ்டுகள் செயாட்டில் பரவசத்தில் சந்தித்து, அதையே காதல் என்று எண்ணித் திருமணத்தில் போய் முட்டிக்கொண்டதை அவர் நிறையப் பார்த்திருக்க வேண்டும். அவர் சொந்தத் திருமணம் 1748 வாக்கில், லான்சாவல் ஊரின் மேரி ஃபிரான்சிஸோடு. மகன்கள் ஜான், வில்லியம் இருவருமே குருமார் ஆனார்கள்.

வருமானம்? பண்ணை இருந்தது, மனைவியும் சொத்தோடு வந்தவர். பயணங்களில் புத்தகம் விற்பார், கூடவே தேயிலையும் விற்பார். உபதேசியார் சேணப்பையில் பாமாலையும் தேயிலைப் பொட்டலமும் சேர்ந்து போவதைப் பற்றி யாரும் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை.

புத்தக விஷயத்தில் அவருக்குப் பேராசை. உலகத்தின் எல்லா மதங்களின் வரலாற்றையும் வேல்ஷ் விவசாயிக்குச் சொல்லிவிட வேண்டும் என்று 1762இல் ஆரம்பித்த ஒரு தொடர், பாகம் பாகமாக இழுத்து 1779இல்தான் முடிந்தது. எதிர்பார்த்த அளவு வாங்க ஆள் இல்லை. அதே 1779இல், அடிமையாக விற்கப்பட்டு விடுதலையான ஆப்பிரிக்கர் யுகோசா குரோனியோசாவின் தன்வரலாற்றை வேல்ஷில் கொண்டுவந்தார். அது ஆங்கிலத்தில் வெளியாகிச் சில வருடங்களே ஆகியிருந்தன. லாண்டவரி மலைக்கு அது எட்டிய வேகம் இன்றைக்கும் வியப்பளிக்கிறது.

குறை சொல்ல இடம் உண்டு. அவர் காலத்தில் பழைய யாப்பின் கடும் ஓசை விதிகளில் ஊறிய புலவர்கள் இருந்தார்கள். அவர்கள் அளவுகோலில் இவர் கவிஞரே அல்ல. எதுகை தளர்வு, வட்டாரப் பேச்சு, ஆங்கிலக் கடன்சொற்கள். எழுதியதைத் திருப்பிப் பார்க்காத அவசரம் பல இடங்களில் தெரிகிறது. தொள்ளாயிரம் பாட்டில் ஒரே படிமம் திரும்பத் திரும்ப வருவதும் உண்மை. ஆனால் அந்தப் பேச்சுமொழி இல்லாமல் செயாட்டில் உட்கார்ந்த பெண் அதைத் தன் பாட்டாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டாள். புலவர் மெச்சும் வேல்ஷில் எழுதியிருந்தால் அழகான புத்தகம் வந்திருக்கும், எழுப்புதல் வந்திருக்காது.

ஆங்கிலத்தில் அவர் எழுதிய ஒரு பாட்டு, இருண்ட மலைகளுக்கு அப்பால் பார்க்கச் சொல்வது, 1772இல் வந்தது. உலகமெங்கும் சுவிசேஷம் பரவும் என்று எதிர்பார்க்கும் பாட்டு. பெரிய மிஷன் சங்கங்கள் பலவும் இன்னும் எழாத காலம் அது, பிறகு அவற்றுக்குப் பிடித்த பாட்டாயிற்று. இந்தியரும் நீக்ரோவும் 'முரட்டுக் காட்டுமிராண்டியும்' ஒளியைக் காணட்டும் என்ற வரி இன்று காதில் உறுத்தும், உறுத்தத்தான் வேண்டும். இதற்கு நம் நாட்டோடு ஒரு தொடர்பு இருக்கிறது. வேல்ஸ் கால்வின் வழி மெதடிஸ்டுகள் தங்கள் முதல் மிஷனரியாக அனுப்பிய தாமஸ் ஜோன்ஸ் 1841இல் சிரபுஞ்சிக்கு வந்து சேர்ந்தார். அந்த மலைகளில் வாழும் காசி பழங்குடியினரின் மொழிக்கு அவர் அமைத்த ரோமன் எழுத்துமுறையில் வேல்ஷ் எழுத்துவழக்கின் தடம் இன்றும் உண்டு. காசி மக்களின் தேசப்பாட்டுக்கும் வேல்ஸ் தேசிய கீதத்துக்கும் மெட்டு ஒன்றே. பான்ட்டகெலின் இதை எதையும் பார்க்கவில்லை. ஆனால் அந்த மலைகளுக்கு வந்தவர்கள் அவர் பாட்டுப் பாடி வளர்ந்தவர்கள்.

கடைசிக் காலம் நோயில் கழிந்தது. 1790 அக்டோபரில் ரோலண்ட் இறந்தார், அவருக்கும் இரங்கற்பா எழுதினார். பாலா ஊரின் தாமஸ் சார்ல்ஸ் அடுத்த தலைமுறையின் தலைவராக எழுந்துகொண்டிருந்தார். அவருக்கு வில்லியம்ஸ் படுக்கையிலிருந்து கடிதங்கள் எழுதினார். இளம் பிரசங்கிகள் பழைய கொள்கை அறிக்கைகளைப் படிக்க வேண்டும், உபதேசத்தில் கவனம் வேண்டும் என்ற கவலை அவற்றில் தெரிகிறது. 1791 ஜனவரி 11இல் பான்ட்டகெலின் வீட்டில் இறந்தார், 73 வயது. அடக்கம் லான்வைர்-ஆர்-அ-பிரின் கோயிலில், அதாவது தனக்கு முழுக் குருப்பட்டம் தர மறுத்த அதே திருச்சபையின் மண்ணில். இயக்கம் இங்கிலாந்துத் திருச்சபையை விட்டுப் பிரிந்து தானே குருமாரை அபிஷேகம் செய்யத் தொடங்கியது 1811இல்தான். அந்தப் பிரிவை அவர் விரும்பியிருப்பாரா என்பது பற்றி அறிஞர்கள் இன்றும் பேசுகிறார்கள். கடைசிவரை வெளியேறாதவர் அவர் என்பது மட்டும் நிச்சயம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவரைப் புனிதப் பதுமையாக்கினார்கள். லாண்டவரியில் நினைவு ஆலயம் கட்டினார்கள், கல்லறைமேல் சிவப்புக் கிரானைட் தூண் எழுந்தது. 1927இல் நாடகாசிரியர் சாண்டர்ஸ் லூயிஸ் எழுதிய ஆய்வுதான் அந்தப் பதுமையை உடைத்தது. மனோதத்துவத்தின் உதவியோடு அவரை ஐரோப்பாவின் ரொமான்டிக் கவிஞர்களின் முன்னோடியாக அவர் காட்டினார். லூயிஸ் சொன்னதில் பாதியை இன்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் அதற்குப் பிறகு யாரும் பான்ட்டகெலினை வெறும் பாமாலைக்காரர் என்று ஒதுக்கவில்லை.

அபெரிஸ்ட்வித் பல்கலைக்கழகத்தில் வேல்ஷ் பேசும் மாணவர்களின் விடுதிக்கு அவர் பெயர். அப்போது இளவரசராக இருந்த சார்ல்ஸ் 1969இல் வேல்ஷ் கற்க வந்தபோது தங்கியது அங்கேதான். 2015இல் நிர்வாகம் அதை மூடியபோது மாணவர்கள் கட்டடத்தில் உட்கார்ந்து போராடினார்கள், 2020இல் புதுப்பித்துத் திறந்தார்கள். அங்கே போய்ப் பான்ட்டகெலின் என்று சொன்னால் பாதிப் பேருக்கு முதலில் நினைவுக்கு வருவது விடுதிதான், மீதிப் பேருக்குப் பாட்டு.